“இவனையும் பார்த்துக்கொள்ளு” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

கோண்டாவிலில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். தொழில் பழகுகிறவர்களைப் பார்க்கிற அரச பயிற்சி அதிகார சபையான நைட்டாவின் ஒப்பந்தத்தில் ஐந்து பெடியள் அவரிடம் வேலை பழகுகிறார்கள். மூன்று பேர் பழையவர்கள், இரண்டு பேர் இந்த வருடம் வந்தவர்கள். புதியவர்களில் 17 வயதுப் பெடியன் சில கிழமைகளாக வேலைக்கு வரவில்லை. முதலில் காய்ச்சல் என்று சொன்ன தாய், பிறகு பழைய பெடியள் அவனைப் படுத்துகிற பாட்டைச் சொல்லி அழுதிருக்கிறார். மூன்று பேரையும் நிற்பாட்டுவதா, பொலிசுக்குப் போவதா, இனி இப்படி நடக்காமல் எப்படிப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

மூன்று பேரையும் இன்றைக்கே நிற்பாட்டாதீர்கள். அவர்களைச் சும்மா விடுங்கள் என்று சொல்லவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அவர்களை அனுப்பிவிட்டுக் கராஜை இப்போது நடக்கிற மாதிரியே நடத்தினால், இன்றைக்கு வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிற மற்றப் புதுப் பெடியன் அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று, அடுத்து வருகிறவனுக்கு அதையே செய்வான். தொழிற்பயிற்சி கற்பித்து, பெடியளைப் போட்ட வேலைத்தலங்களுக்குப் போய்ப் பார்த்து வந்தவன் நான். கராஜ், வெல்டிங் பட்டறை, தச்சுப்பட்டறை, எங்கே போனாலும் இந்தப் பிரச்சினை தொடங்குகிற இடம் ஒன்றாகத்தான் இருந்தது.

காலமை எட்டு மணி. வாசலில் இரண்டு ஓட்டோ, உள்ளே இயந்திரம் இறக்கி வைத்த வான் ஒன்று, போனில் ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் புதுப் பெடியன் வந்து நிற்கிறான். முதலாளி பழைய பெடியனைப் பார்த்து “தம்பி, இவனையும் பார்த்துக்கொள்ளு” என்று சொல்லிவிட்டு வானுக்குக் கீழே போய்விடுவார். எல்லாரும் செய்வதுதான், நேரமில்லாமல் செய்வதுதான். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு என்னென்ன கை மாறுகிறது என்று யோசியுங்கள். சாவிப் பெட்டி பழையவன் கையில், அவன் தந்தால்தான் இவனுக்கு ஸ்பானர். எந்த வேலை யாருக்கு என்பது அவன் வாயில்: பிரேக் கழற்றிப் பூட்டுவது அவனுக்கு, டீசலில் சாமான் கழுவுவதும் தேத்தண்ணி வாங்கப் போவதும் இவனுக்கு. எல்லாவற்றையும் விடப் பெரிது, உங்கள் காது. “புதியவன் எப்படி?” என்று நீங்கள் கேட்பதும் அவனிடம்தான். “சோம்பேறி அண்ணை, சொல்வழி கேட்கமாட்டான்” என்று அவன் சொன்னால் உங்களுக்கு அதுதான் உண்மை. 19, 20 வயதுப் பெடியனிடம் இவ்வளவு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அவன் அதைத் தவறாகப் பாவிக்கமாட்டான் என்று எதிர்பார்க்கிறோம். நல்ல பெடியனும் கெட்டுப்போவான்.

அந்தக் காலத்தில் நகைவேலையோ தச்சுவேலையோ பழகினவர்கள் பெரும்பாலும் தகப்பனிடம், மாமனிடம், அல்லது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் பழகினார்கள். அடி இருந்தது, ஏச்சு இருந்தது, ஆனால் எல்லை மீறினால் வீட்டில் கேட்க ஆள் இருந்தது. இப்போது வருகிற பெடியனுக்கு அந்தப் பட்டறையில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஒப்பந்தத்தில் மூன்று கையொப்பம் இருக்கிறது, அவன் பக்கம் கதைக்க அங்கே ஒரு ஆள் இல்லை. “நாங்களும் அடிவாங்கித்தானே பழகினோம்” என்று சொல்கிற பெரியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் அடியால் பழகவில்லை, அடித்தவர் கையைப் பிடித்துக் காட்டித் தந்ததால் பழகினீர்கள். உங்களோடு சேர்ந்து வந்து பாதியில் ஓடினவர்களைக் கணக்கெடுத்தால் அடி என்ன செய்தது என்று தெரியும்.

சரி, எல்லாப் பகிடியும் வதையா? இல்லை. புதியவனை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கு இல்லாத சாமான் ஒன்று வாங்க அனுப்புவார்கள், கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார், அவன் திரும்பி வந்து தானும் சிரிப்பான், அடுத்த நாள் இவன் அவர்களுக்கு ஒன்று செய்வான். அது பட்டறைக் கலகலப்பு, அதை நீங்கள் தடுக்கப் போகவேண்டாம். நான் பார்ப்பது இரண்டைத்தான். ஒவ்வொரு நாளும் ஒரே ஆளிலேயே விழுகிறதா, அவனால் திருப்பிச் செய்ய முடியுமா. பிறகு, நீங்கள் உள்ளே வந்தவுடன் அது நின்றுவிடுகிறதா என்றும் கவனியுங்கள். முதலாளி முன்னால் செய்யக் கூச்சப்படுகிற பகிடி பகிடியே இல்லை. சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து இறைச்சியை எடுப்பது, சோற்றில் கிறீஸ் பூசுவது, கொடுப்பனவு வந்த அன்றைக்கு “ட்ரீட் வை” என்று காசைப் பிடுங்குவது, 10ஆம் நம்பர் ஸ்பானரை ஒளித்துவிட்டு நீங்கள் அவனைப் பேசும்வரை பார்த்துக்கொண்டிருப்பது, கழிவறையில் இருப்பதைப் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவது, இவையெல்லாம் வதை. போனில் எடுப்பது மற்ற எல்லாவற்றையும் விட ஆழமாகக் காயப்படுத்துகிறது. அடி மூன்று நாளில் ஆறிவிடும், வீடியோ அவனுடைய ஊர்ப் பெடியளின் குழுவுக்குள் போய்விட்டால் அவன் சனசமூக நிலையத்தடிக்கும் போகமாட்டான்.

உடம்போடு விளையாடுகிற பகிடியில் ஒரு தடவைகூடப் பொறுக்கக் கூடாது, இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கராஜில் பயங்கரமான சாமான் கம்பிரசர். டயருக்குக் காற்றடிக்கிற அந்தக் குழாயில் 100 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் வரும். அதை உடுப்புக்கு மேலால் பின்பக்கத்தில் பிடித்துச் “சும்மா ஒருக்கா” அடித்தால் குடல் கிழிந்துவிடும். அதற்கு அந்த அழுத்தத்தில் சிறு பங்கே போதும், உடுப்பு அதைத் தடுக்காது. இந்தப் பகிடியால் இந்தியாவில் வேலைத்தலங்களில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். காதுக்குள் அடித்தால் சவ்வு போகும். தோல் வெட்டுக்காயத்தில் அடித்தால் காற்று உள்ளே ஏறும். உடுப்பில் தூசு தட்டக்கூட அந்தக் குழாயைப் பாவிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள், நீங்களும் பாவிக்காதீர்கள். நீங்கள் பின்னேரம் சேட்டைத் தட்டுவதைப் பார்த்துத்தான் பெடியளுக்கு அது விளையாட்டுச் சாமானாகிறது.

வெல்டிங் பக்கம் இன்னொன்று. கண்ணாடி தராமல் புதியவனை இரும்பைப் பிடிக்கச் சொல்லி, “இங்கே பார்” என்று கூப்பிட்டுவிட்டுப் பொறியை மூட்டுவது. அந்த நேரம் அவனுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, நடு இரவில் கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி எரிந்து, கண் திறக்க முடியாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். தாய் அவனை ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவார். செய்தவனுக்கு அது தெரியவே தெரியாது. ஜக்கில் நிற்கிற வாகனத்துக்குக் கீழே அவன் படுத்திருக்கும்போது ஆட்டிப் பயங்காட்டுவதும் இந்த வகைதான், அதை விளக்கத் தேவையில்லை. இப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே வேலையை நிற்பாட்டி எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக் கதையுங்கள், அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், நைட்டாவுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொன்றை எழுதாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். புதியவன் வந்த முதல் நாளே “தம்பி எந்த இடம்? எந்தக் குறிச்சி? ஆற்றை மகன்?” என்று ஒரு விசாரணை நடக்கும். பாதிப் பேருக்கு அது வெறும் பழக்கம். மற்றப் பாதிப் பேர் கேட்பது எதற்கென்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கோப்பை வேறாகும், பட்டப்பெயர் வரும், கூட்டுகிற வேலையும் கழுவுகிற வேலையும் நிரந்தரமாக அவனுக்கே வரும். வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்த பெடியனுக்குக் கதைக்கிற தமிழை வைத்தே நக்கல் தொடங்கும். சாதியின் பேரில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இந்த நாட்டில் 1957இலேயே வந்துவிட்டது, ஆனால் கராஜுக்குள் அதைக் கொண்டுவருவது நீங்கள்தான். கோப்பை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், நீங்களும் அதே கோப்பையில் குடியுங்கள். குறிச்சி விசாரிக்கிற பழக்கம் உங்கள் வாயில் இருந்தால் அதையும் விடுங்கள்.

இனி என்ன மாற்றுவது என்பதற்கு வருகிறேன்.

புதியவன் வந்த முதல் இரண்டு மூன்று மாதம் அவனுடைய வேலையை நீங்களோ உங்கள் தலைமை மெக்கானிக்கோதான் சொல்லவேண்டும், பழைய பயிலுனர் இல்லை. நாள் முழுக்கக் கூட நிற்கத் தேவையில்லை. காலமை பத்து நிமிடம், “இன்றைக்கு நீ இந்த முச்சக்கர வண்டியின் பின் பிரேக்கைக் கழற்று, பூட்ட முதல் என்னைக் கூப்பிடு” என்று பெயர் சொல்லி வேலை கொடுங்கள். பின்னேரம் வேலை முடிந்தபின் அவனுடைய பயிற்சிப் பதிவேட்டைத் திறந்து, இன்றைக்கு உண்மையில் என்ன செய்தான் என்று எழுதவைத்துக் கையொப்பமிடுங்கள். பல இடங்களில் அந்தப் புத்தகத்தைப் பரிசோதகர் வருகிறார் என்றவுடன்தான் ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள். நாளாந்தம் எழுதினால் உங்கள் கண்ணுக்கே தெரியும்: இரண்டு கிழமையாக ஒருவன் “துப்புரவு, சாமான் கழுவுதல்” என்றே எழுதிக்கொண்டிருந்தால் அங்கே ஏதோ நடக்கிறது. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு மதிப்பீடு வரும்போது செய்து காட்டத்தான் கேட்பார்கள். வேலை தொடவிடாமல் வைத்திருந்த பெடியன் அங்கே கைநடுங்கி நிற்பான். பகிடிவதை அவனுடைய மனதை மட்டும் உடைக்கவில்லை, தொழிலையே பறிக்கிறது.

சாவிப் பெட்டியைப் பிரியுங்கள். புதியவனுக்கும் சொந்தமாக ஒரு சின்னச் செட் வேண்டும், 8இலிருந்து 19 வரை ஸ்பானர், இரண்டு ஸ்குரூ ட்ரைவர், ஒரு பிளையர் போதும். அவனுடைய பெயரை எழுதி அவனிடம் கொடுங்கள். பெரிய செலவில்லை. ஸ்பானருக்காக இன்னொருவன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாமல் போனாலே பாதிப் பிரச்சினை குறையும் என்பது நான் கண்ணால் கண்டது.

கூட்டுவது, கடைக்குப் போவது, கழிவறை கழுவுவது எல்லாம் முறை வைத்து, ஐந்து பேரின் பெயரையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பழையவர்களின் பெயரும் அதில் இருக்கவேண்டும். முதல் கிழமை முணுமுணுப்பார்கள். அந்தக் கிழமை ஒருநாள் நீங்களே தும்புத்தடியை எடுத்தால் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

இடம் எது, நேரம் எது என்றும் பாருங்கள். வதை நடப்பது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்திலும், நீங்கள் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போகிற இடைவெளியிலும், உடுப்பு மாற்றுகிற பின் கொட்டகையிலும்தான். கமரா பூட்டுகிறவர்கள் வாசலில் பூட்டுகிறார்கள், கள்ளனுக்காக. நீங்கள் பெடியளோடு ஒரே மேசையில் சாப்பிடத் தொடங்குங்கள், கிழமையில் இரண்டு நாளாவது. உடுப்பு மாற்றுகிற இடத்துக்கு உள்ளே கொண்டி போட்ட கதவு ஒன்று வையுங்கள்.

பிறகு, அவன் யாரிடம் சொல்வது? உங்களிடம் வந்து சொல்லமாட்டான், அண்ணை. நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சொல்லமாட்டான், ஏனென்றால் பழைய பெடியள் உங்களுக்கு உழைத்துத் தருகிறவர்கள், தான் பாரம் என்று அவனுக்குத் தெரியும். அதனால் பட்டறைக்கு வெளியே ஒரு ஆளைக் காட்டிவிடுங்கள். நைட்டாவில் அவனுக்குப் பொறுப்பான பரிசோதகரின் இலக்கத்தை முதல் நாளே அவனுடைய போனில் பதியவையுங்கள், தாயின் போனிலும். உங்கள் மனைவி கணக்குப் பார்க்க வருகிறவர் என்றால் அவரிடம் சொல்லலாம் என்று சொல்லுங்கள். தாய் தகப்பனை மாதத்தில் ஒருதடவை நீங்களே எடுத்துக் கதையுங்கள். “பெடியன் வீட்டில் வேலையைப் பற்றிக் கதைக்கிறானா?” என்று கேட்டால் போதும். முன்பு கதைத்தவன் கதைக்கிறதை விட்டுவிட்டான் என்றால் அதுதான் முதல் அடையாளம். திங்கட்கிழமை தலையிடி, சாப்பாடு அப்படியே திரும்பி வருவது, கொடுப்பனவு எடுத்த மறுநாளே கையில் காசில்லாமல் நிற்பது எல்லாம் அதற்குப் பிறகு வரும்.

உங்கள் வாயையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். வாடிக்கையாளர் முன்னால் “மாடு, மூளையில்லையா” என்று நீங்கள் ஒருவனைப் பேசினால், அன்றைக்குப் பின்னேரம் அவனைப் பேச மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பிழை விட்டால் கண்டியுங்கள், தனியாகக் கூப்பிட்டு, எது பிழை என்று அந்த நட்டைக் காட்டிக் கண்டியுங்கள்.

பெண்பிள்ளைகளும் இப்போது மின்னிணைப்பு, ஓட்டோ எலக்ட்ரிக்கல் என்று பழக வருகிறார்கள். அவர்களுக்கு இவ்வளவும் வேண்டும், கூடவே தனிக் கழிவறையும், ஒரு ஆணோடு தனியே விடாத நேர ஒழுங்கும் வேண்டும்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். பகிடிவதையைத் தடைசெய்கிற 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்கானது, உங்கள் கராஜ் அதற்குள் வராது. அதனால் சட்டமே இல்லை என்று நினைக்கவேண்டாம். பெடியனுக்கு 17. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு, தன் பொறுப்பிலோ பராமரிப்பிலோ இருக்கிற 18 வயதுக்குட்பட்ட ஒருவரை வேண்டுமென்று தாக்குவதற்கும் துன்புறுத்துவதற்கும் 2 முதல் 10 வருடம்வரை சிறை என்கிறது. தெரிந்த பிறகும் பாராமல் இருந்தால் கேள்வி உங்களிடமும் வரும். உடுப்பைக் கழற்றுவது, அந்தரங்கத்தில் கை வைப்பது, அப்படியான கதைகளால் தொந்தரவு செய்வது 345ஆம் பிரிவுக்குள் வரும், 5 வருடம்வரை சிறை, ஆண் பெண் வித்தியாசம் அதில் இல்லை. சர்வதேச தொழில் அமைப்பு 2019இல் கொண்டுவந்த 190ஆம் இலக்க உடன்படிக்கையும் வேலைத்தல வன்முறையிலிருந்து பாதுகாக்கப்பட வேண்டியவர்களில் பயிலுனர்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

ஆகவே அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது என்று முதலில் தெரியவேண்டும். காயம், பாலியல் தொந்தரவு, வீடியோ, இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை நீங்கள் கராஜுக்குள் சமாதானம் பேசி முடிக்கக் கூடாது. நல்லூர் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் அதிகார சபையின் 1929 இலக்கம் 24 மணி நேரமும் இருக்கிறது, பொலிசில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது. தாயோடு நீங்களும் போங்கள். பெடியன் சாகிற கதை கதைத்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம்.

அந்த அளவுக்குப் போகவில்லை என்றால் மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். மூவரையும் ஒன்றாக இருத்தினால் ஒரே கதைதான் வரும். பெரும்பாலும் செய்கிறவன் ஒருவன், சிரிக்கிறவன் ஒருவன், பயத்தில் சேர்ந்தவன் ஒருவன். பயத்தில் சேர்ந்தவன் முதலில் சொல்லிவிடுவான். செய்தவனின் வீட்டுக்கும் சொல்லுங்கள், நைட்டாவுக்கு எழுத்தில் கொடுங்கள், சாவிப் பெட்டியை அவன் கையிலிருந்து எடுங்கள், எடுத்த காசைத் திருப்பிக் கொடுக்கவையுங்கள். புதியவனுக்கு வேலை காட்டுகிற பொறுப்பு இனி அவனுக்கு இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். இரண்டாம் தடவை நடந்தால் ஒப்பந்தம் முடிந்தது என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள், சொன்னால் செய்யவும் வேண்டும். மன்னிப்புக் கேட்க அவனைப் பெடியனின் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எங்கள் ஆட்கள் கையைப் பிடித்து வைத்துச் சமாதானமாக்கப் பார்ப்பார்கள், 17 வயதுப் பெடியனுக்கு அது இன்னொரு பயம்.

வீட்டுக்கு நீங்கள்தான் போகவேண்டும், முடிந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு. தாயின் முன்னால் “ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?” என்று கேட்காதீர்கள், அது அவனைக் குற்றவாளியாக்கும். கராஜில் என்ன மாற்றிவிட்டீர்கள் என்று சொல்லுங்கள்: சாவிச் செட் உனக்கென்று வைத்திருக்கிறேன், வேலை நான்தான் தருவேன், இன்னாருக்கு இனி உன்னில் ஒரு அதிகாரமும் இல்லை. மாற்றாமல் போய் “இனி நடக்காது, வா” என்று சொல்ல வேண்டாம். அவன் யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாமல், வேறு இடத்தில் ஒப்பந்தம் செய்ய நைட்டாவோடு நீங்களே கதைத்துவிடுங்கள். அவன் உங்களிடம் இதுவரை பழகின வேலைகளைப் பதிவேட்டில் எழுதி, கையொப்பமிட்டு, அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.